காப்புக்காடு ஆகாமல் பிழைத்த காடு: தான்சானியாவின் டுரு-ஹைடெம்பா

தான்சானியாவின் வடபகுதியில் பாபாடி மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள டுரு-ஹைடெம்பா காட்டை 1990களின் தொடக்கத்தில் அரசு காப்புக்காடாக அறிவிக்கவிருந்தது. சில ஆண்டுகளில் அந்த முடிவு தலைகீழாக மாறி, காடு அதைச் சுற்றியுள்ள 8 ஊர்களின் பொறுப்புக்குப் போனது. பரப்பு சுமார் 9,000 ஹெக்டேர்தான். ஆனால் அந்த நாட்டின் வனக் கொள்கையும் வனச் சட்டமும் பிறகு எந்தத் திசையில் போயின என்று பார்த்தால், இந்தச் சிறு காட்டில் நடந்ததன் தடம் அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. ஆப்பிரிக்காவில் ஊர் மக்களே காடு காப்பது பற்றிப் பேசுகிற யாரும் இந்த நிகழ்வைத் தாண்டிப் போக முடியாது என்று நினைக்கிறேன். அதனால் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாக எழுதுகிறேன்.

இடமும் மக்களும்

பாபாடி, அருஷா நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது. அப்போது அருஷா மாநிலத்தில் இருந்தது. 2002இல் மன்யாரா மாநிலம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. பக்கத்தில் பாபாடி ஏரி, சற்றுத் தள்ளி தராங்கிரே தேசியப் பூங்கா. கொரோவா, இராக் மக்கள் இங்கே விவசாயம் பார்த்துக்கொண்டே ஆடுமாடும் வளர்க்கிறார்கள். பார்பாய்க் என்னும் மேய்ப்பர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. மக்காச்சோளம், பீன்ஸ், துவரை முக்கியப் பயிர்கள். நம் ஊர்ச் சந்தைக்கு வரும் இறக்குமதித் துவரையில் ஒரு பங்கு பாபாடி வயல்களில் விளைந்தது.

காடு மேடான குன்றுகளின் மேல் இருக்கிறது, ஊர்கள் அதன் அடிவாரத்தில். அயசாண்டா, ரிரோடா, டுரு, எண்டனாச்சன், ஹோஷான், கிதாஸ் என்று அவற்றில் சில. மாவட்டத்தில் மிஞ்சியிருந்த நல்ல மியோம்போ காடுகளில் இது ஒன்று.

மியோம்போ என்பது அங்கோலாவிலிருந்து தான்சானியா, மொசாம்பிக் வரை சுமார் 27 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் இலையுதிர் காட்டு வகை. பிராக்கிஸ்டேஜியா, ஜூல்பெர்னார்டியா மரங்கள் இதன் அடையாளம். மண் வளமானதல்ல. மழைக்கு முன்பே மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்விடும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் மொய்க்கும், மழை பெய்தால் தரையில் உண்ணத்தக்க காளான்கள் கிளம்பும். இந்த நிகழ்வுக்கு முக்கியமான இன்னொரு குணமும் அதற்கு உண்டு. மியோம்போ மரத்தை வெட்டினாலும் வேர் சாகாது. அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மறுபடி துளிர்க்கும். அந்த வேரைக் கிளறி எடுத்து உழுதாலோ, வறட்சியின் கடைசி மாதங்களில் கடும் தீ மீண்டும் மீண்டும் ஓடினாலோதான் காடு நிரந்தரமாகப் போகும். அதாவது, புதிதாக மரம் நடாமல், கெடுப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் இந்தக் காடு தானாக மீளும். வெளியிலிருந்து பெரிய முதலீடு எதுவும் வராத நிலையில் 8 ஊர்களால் ஒரு காட்டைத் திருப்பிக் கொண்டுவர முடிந்ததற்கு மரத்தின் இந்த இயல்பும் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் மக்களின் உழைப்பை மட்டும் பேசினால் கணக்கு முழுமையாகாது.

காப்புக்காடு என்ற திட்டம்

ஜெர்மானியர், பின்னர் பிரிட்டிஷார் ஆண்ட காலத்திலிருந்தே தான்சானியாவில் காடு காப்பது என்றால் ஒரே வழிதான்: எல்லை போடு, அறிவிப்பு கொடு, ஆளை வெளியேற்று, காவலரை வை. 1961இல் விடுதலை வந்த பிறகும் அது மாறவில்லை. அக்கால அரசுக் கணக்கில் நாட்டின் மொத்தக் காடு சுமார் 3.35 கோடி ஹெக்டேர். அதில் சுமார் 1.3 கோடி ஹெக்டேர் காப்புக்காடு. மிச்சமெல்லாம் யாருடையது என்று தெளிவில்லாத பொதுநிலம். டுரு-ஹைடெம்பா அந்த மிச்சத்தில் இருந்தது.

ஊர்களின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1970களில் உஜமா என்ற அரசுத் திட்டத்தின் கீழ் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் நாடெங்கும் ஊர்களாகத் திரட்டப்பட்டன. பலர் விருப்பமில்லாமல்தான் இடம் மாறினார்கள். அந்தக் கசப்பு இருந்தாலும் ஒரு பயன் மிஞ்சியது. ஒவ்வொரு ஊருக்கும் சட்டப்படி பதிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றம், வயது வந்த அனைவரும் உட்காரும் ஊர்ச் சபை கிடைத்தன. 1982இன் உள்ளாட்சிச் சட்டம் ஊர் மன்றங்களுக்குத் துணைவிதி இயற்றும் அதிகாரமும் கொடுத்தது. மாவட்ட மன்றம் ஒப்புதல் கொடுத்தால் அந்தத் துணைவிதி நீதிமன்றத்திலும் செல்லும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஊர் என்பது சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது. தான்சானியாவில் அது ஒரு முழு நிறுவனம். இருந்தும் அதைக் கொண்டு காட்டையும் நிர்வகிக்கலாம் என்று அதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1980களின் நடுவில் டுரு-ஹைடெம்பாவைக் காப்புக்காடாக்கும் யோசனை எழுந்தது. ஸ்வீடன் அரசின் நிதியுதவியோடு மாவட்டத்தில் நிலப் பாதுகாப்பு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. காடு அழிகிறது, நீரூற்றுகள் வற்றுகின்றன என்ற கவலை நியாயமானது. 1990களின் தொடக்கத்தில் எல்லை அளக்கும் வேலை வந்தது. ஊர்கள் எதிர்த்தன. சில இடங்களில் எல்லைக் கோட்டை நகர்த்தியதால் அரைமனதோடு ஒத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அது தங்கள் காடு, அதை அரசு எடுத்துக்கொள்கிறது என்ற எண்ணம் யாரிடமும் குறையவில்லை.

களத்தில் தெரிந்தது

காப்பதற்கென்று போட்ட கோடே அழிவை வேகப்படுத்தியது. நாளைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றால் இன்றைக்கே வெட்டிக்கொள்வதுதானே எவரும் செய்வது. விளைநிலம் காட்டுக்குள் ஏறியது. வீட்டுக்கும் விற்பனைக்கும் மரம் விழுந்தது. கரிமூட்டங்கள் பெருகின. வெளியூர்க்காரர்கள் மரத்துக்கும் மேய்ச்சலுக்கும் வந்தபோது அவர்களைத் தடுக்கும் அக்கறை ஊருக்குள் இல்லை. அதுவரை ஓரளவுக்கு இருந்த சொந்தக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. அரசின் காடு என்றால் அரசே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆகிவிட்டது.

அரசால் பார்த்துக்கொள்ள முடிந்ததா? முடியவில்லை. மாவட்ட வனத்துறையிடம் ஒருசில காவலர்களே இருந்தார்கள். வண்டியும் எரிபொருளும் பணமும் பற்றாக்குறை. பிடிபடுகிறவர் காசு கொடுத்து நழுவ வழி இருந்தது. 9,000 ஹெக்டேர் காட்டுக்கு எட்டுப் பக்கமும் எட்டு ஊர் என்றால், விரல்விட்டு எண்ணக்கூடிய சீருடைக்காரர்கள் எந்தப் பாதையைக் காக்க முடியும்? அறிவிப்பு வெளியான பிறகும் நிலைமை இப்படியேதான் இருக்கும் என்பதைக் களத்தில் இருந்த வன அலுவலர்களே உணர்ந்திருந்தார்கள். இந்த நேர்மையான உணர்வு இல்லாமல் அடுத்து வந்த திருப்பம் நடந்திருக்காது. வனத்துறை என்றாலே பிடிவாதம் என்று எழுதிவிடுவது எளிது. இங்கே அந்தத் துறையின் கீழ்மட்ட ஊழியர்கள்தான் வேறு வழி வேண்டும் என்று முதலில் ஒப்புக்கொண்டவர்கள்.

கேள்வியை மாற்றிய முடிவு

1994இல் ஊர்களோடு பேச்சு தொடங்கியது. முதலில் மேசையில் இருந்தது, அந்தக் காலத்தில் உலகெங்கும் புழங்கிய வழிதான். காடு அரசுடையதாக இருக்கும்; மக்களுக்குச் சில பயன்பாட்டு உரிமைகள் கொடுக்கலாம்; பதிலுக்கு அவர்கள் காவலுக்கு உதவட்டும். அதற்காக உங்களுக்குக் காட்டிலிருந்து என்னென்ன வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்த பட்டியல் நீளமாக இருந்தது. விறகு, கம்பு, பலகை மரம், கரி, மேய்ச்சல், தேனீ வளர்க்கும் கூடு செய்ய மரப்பட்டை, விவசாய நிலம் என எதையும் யாரும் விடவில்லை. இத்தனையையும் கொடுத்தால் காடு தாங்காது, கொடுக்காவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்ற முட்டுக்கட்டை.

பிறகு கேள்வி மாறியது. இந்தக் காடு உங்கள் பொறுப்பு என்று ஆகிவிட்டால் அதைக் காப்பாற்ற நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அதே மக்கள் கொடுத்த பதில் வேறாக இருந்தது. கரிமூட்டம் கூடாது, காட்டை அழித்துப் பயிர் வைக்கக் கூடாது, பட்டை உரிக்கக் கூடாது, வெளியாள் மரம் வெட்டக் கூடாது என்று அவர்களே தடைகளை அடுக்கத் தொடங்கினார்கள். மக்களால் இது இல்லாமல் வாழ முடியாது என்று நினைத்து வன அலுவலர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த சில பயன்பாடுகளைக்கூட ஊர்கள் தடை செய்ய முன்வந்தன.

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பது என் கருத்து. முதல் கேள்வி மக்களைப் பங்கு கேட்பவர்களாக நிறுத்தியது. பங்கு கேட்கிறவர் எதிரில் இருப்பவரிடமிருந்து முடிந்த அளவு வாங்கத்தான் பார்ப்பார். மிச்சத்தைப் பற்றிய கவலை கொடுப்பவருடையது. இரண்டாவது கேள்வி அந்தக் கவலையை இடம் மாற்றியது. ஒரு கூட்டுக் குடும்பத்தில் சாவிக்கொத்து கைமாறிய மறுநாளே செலவுக் கணக்கு பார்க்கிற விதம் மாறிவிடுவது நமக்குத் தெரியும். 8 ஊர்களிலும் நடந்தது அதுதான். மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினோம், பயிற்சி கொடுத்தோம் என்று திட்ட அறிக்கைகள் சொல்வது வழக்கம். இங்கே மரத்தைப் பற்றி எவருக்கும் புதிதாக எதுவும் கற்பிக்கப்படவில்லை. முடிவெடுக்கும் இடம்தான் மாறியது.

மாவட்டமும் தலைமை வனத்துறையும் காப்புக்காடு அறிவிப்பை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. ஊர்கள் சொன்னதைச் செய்துகாட்டட்டும், பார்க்கலாம் என்ற ஏற்பாடு. எச்சரிக்கையான முடிவுதான். ஆனால் ஏறக்குறைய முடிந்துபோன ஒரு நடைமுறையைப் பாதியில் நிறுத்த ஓர் அரசுத் துறை சம்மதித்தது சின்ன விஷயம் இல்லை.

ஊர்கள் எழுதிய விதிகள்

முதல் வேலை, காட்டை ஊர்களுக்குள் பிரித்துக்கொள்வது. எது யாருடைய பகுதி என்று அண்டை ஊர்கள் கூடி நடந்து பார்த்து, மரம், பாறை, ஓடை என்று அடையாளம் சொல்லி எல்லை ஒத்துக்கொண்டார்கள். காடு அரசுக்குப் போகிறது என்று இருந்தவரை இந்த எல்லைகளைப் பற்றி யாரும் பொருட்படுத்தவில்லை. பொறுப்பு வந்ததும் ஒவ்வோர் அடியும் முக்கியமாகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு ஊரும் வனக்குழு அமைத்தது. தனக்கென்று ஒரு எளிய மேலாண்மைத் திட்டம் வகுத்தது. நிபுணர் எழுதும் பல நூறு பக்க ஆவணம் அல்ல, ஊர்ச் சபையில் வாசித்தால் எல்லோருக்கும் புரிகிற சில பக்கங்கள். மோசமாக அழிந்த பகுதியையும் ஊற்றுகளுக்கு மேலுள்ள சரிவையும் மூடி வைப்பது. காய்ந்த சுள்ளி, காளான், மூலிகை, கூரைப்புல் போன்றவற்றை ஊர்க்காரர் தடையின்றி எடுக்கலாம். வீடு கட்டக் கம்போ பலகை மரமோ வேண்டுமென்றால் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். கரிமூட்டம், காடழிப்பு, புதுக் குடியிருப்பு, பட்டை உரிப்பு ஆகியவற்றுக்கு முழுத் தடை. மேய்ச்சலை முழுதாகத் தடுக்கவில்லை. வறட்சியில் மாடுகளுக்கு வேறு போக்கிடம் குறைவு என்பதால் பகுதியும் பருவமும் பார்த்துக் கட்டுப்படுத்தினார்கள். இந்த விவரங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஒரே மாதிரிப் படிவத்தை எட்டு ஊர்களுக்கும் திணிக்காமல் விட்டது நல்ல முடிவு. ஒரு ஊரில் ஊற்று பெரிய கவலை, இன்னொன்றில் வெளியூர் மரக்காரர்கள்.

காவலுக்கு ஊர் இளைஞர்களையே தேர்ந்தெடுத்தார்கள். எட்டு ஊர்களிலும் சேர்த்து நூறு பேருக்கு மேல் காவலுக்கு வந்தார்கள். சம்பளம் கிடையாது. ஊருக்குச் செய்ய வேண்டிய பொதுவேலையிலிருந்து விலக்கும், வசூலாகும் அபராதத்தில் ஒரு பங்கும் உண்டு. காட்டின் பாதைகள் அவர்களுக்கு அத்துப்படி. புகை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே யார் மூட்டம் போட்டிருப்பார் என்று சொல்லிவிடுவார்கள். காட்டுக்குள் புகுந்து பயிர் வைத்திருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். அரசு வெளியேற்றியிருந்தால் கலவரமாகியிருக்கக்கூடிய காரியத்தை ஊர்ச் சபைகள் தங்களுக்குள் பேசி முடித்தன.

விதிக்குச் சட்ட வலு

ஊர்ச் சபையில் கைதூக்கி எடுத்த முடிவு ஊர்க்காரரைக் கட்டுப்படுத்தும். பக்கத்து மாவட்டத்திலிருந்து வரும் மர வியாபாரியைக் கட்டுப்படுத்துமா? அவர் நீ யார் கேட்க என்றால் காவல் இளைஞரிடம் பதில் இல்லை. இந்த இடத்தில்தான் 1982இன் சட்டம் கைகொடுத்தது. ஊர்கள் தங்கள் விதிகளைத் துணைவிதிகளாக எழுதி, ஊர்ச் சபையில் வைத்து நிறைவேற்றி, மாவட்ட மன்றத்துக்கு அனுப்பின. 1995இல் பாபாடி மாவட்ட மன்றம் அவற்றை ஏற்றது. அதோடு விதியை மீறியவர் யாராக இருந்தாலும் அபராதம் கட்ட வேண்டும், மறுத்தால் நீதிமன்றம் போகலாம் என்று ஆயிற்று. அபராதப் பணம் மாவட்டக் கருவூலத்துக்குப் போகாமல் ஊருக்கே சேர்ந்தது.

இதற்காகப் புதிதாக ஒரு சட்டமும் இயற்றப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேலாகப் புத்தகத்தில் கிடந்த அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். கொள்கை மாறட்டும், சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் மரம் மிஞ்சியிருக்காது. இருக்கிற சட்டத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று முதலில் பார்த்தது இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான நடைமுறை முடிவு.

காட்டில் நடந்த மாற்றம்

சில பருவங்களிலேயே மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. கரிமூட்டங்கள் நின்றன. புதிதாகக் காடழிப்பது நின்றது. அடிக்கட்டைகள் துளிர்த்துப் புதர்களாகி, பிறகு இளமரங்களாயின. பின்னால் நடந்த கள ஆய்வுகளும் காட்டின் நிலை மேம்பட்டதைப் பதிவு செய்தன. தான்சானியாவின் சில காடுகளை வைத்து 2008இல் வெளியான ஒரு ஒப்பீடும் இதே திசையைக் காட்டியது. மக்கள் பங்கேற்புடன் காக்கப்பட்ட காடுகளில் மரத்தின் அளவு கூடிவந்தது, அரசு தனியே வைத்திருந்தவற்றிலும் கேட்பாரற்ற காடுகளிலும் சரிந்துகொண்டிருந்தது.

அரசுக்குச் செலவும் குறைந்தது. வன அலுவலரின் வேலை காவலிலிருந்து ஆலோசனைக்கு மாறியது. எல்லைத் தகராறு வந்தால் சமரசம் செய்வது, திட்டத்தை ஒழுங்காக எழுத உதவுவது, நீதிமன்றத்தில் ஊருக்கு ஆதரவாகச் சாட்சி சொல்வது. கையில் தடியோடு வந்தவரை ஊர்க்காரர் தாங்களே கூப்பிட்டு யோசனை கேட்கிற நிலை வந்தது அந்த அலுவலர்களுக்கும் நிம்மதிதான்.

நாட்டில் நடந்த மாற்றம்

பாபாடியில் கிடைத்த அனுபவம் உடனே அடுத்த காட்டுக்குப் போனது. சிங்கிடா மாநிலத்தில் ம்கோரி காடு, சுமார் 44,000 ஹெக்டேர், 5 ஊர்கள். அங்கும் காப்புக்காடு திட்டம் கைவிடப்பட்டு ஊர்களுக்குப் பொறுப்பு போனது. கிதேதோ மாவட்டத்தில் சுலேடோ காடு, சுமார் 1,67,000 ஹெக்டேர். சுன்யா, லெங்காதெய், டோங்கோ என்ற மூன்று வட்டாரப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து வந்த பெயர். அங்கே மாசாய் மேய்ப்பர்களும் விவசாயிகளும் சேர்ந்து காட்டை நிர்வகித்து, 2002இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றார்கள்.

1998இன் தேசிய வனக் கொள்கை ஊர்க்காடுகளுக்கு இடம் கொடுத்தது. 1999இன் ஊர் நிலச் சட்டம், ஊர் எல்லைக்குள் உள்ள நிலத்தை ஊர் மன்றமே நிர்வகிக்கும் என்றது. 2002இன் வனச் சட்டம் ஊர் வனக் காப்பகம் என்ற வகையைச் சட்டத்தில் எழுதியது. ஊர் அறிவித்து, மாவட்டம் பதிவு செய்தால் போதும். அந்தக் காட்டிலிருந்து வரும் வருமானம் முழுவதையும் ஊர் வைத்துக்கொள்ளலாம், அரசுக்கு மர உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை. 2008 வாக்கில் ஏதோ ஒரு வகையில் மக்கள் பங்கேற்பில் வந்த காடு நாடெங்கும் 40 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது.

ஆனால் இந்த 40 லட்சத்துக்குள் இரண்டு வேறு ஏற்பாடுகள் கலந்திருக்கின்றன. ஒன்று டுரு-ஹைடெம்பா வழி: ஊரே உடைமையாளர். மற்றது கூட்டு மேலாண்மை: காடு அரசின் காப்புக்காடாகவே இருக்கும், ஊர் அதைக் காக்க உதவும், பயன் பகிர்ந்துகொள்ளப்படும். மலைச்சரிவு நீர்ப்பிடிப்புக் காடுகள் பலவற்றில் இந்த இரண்டாவது வழியே வந்தது. எவ்வளவு பங்கு யாருக்கு என்பது பல ஆண்டுகள் முடிவாகாமல் இழுத்தது. ஒப்பந்தம் கையெழுத்தான ஊர்கள் மொத்தத்தில் சிறு பகுதிதான். கையெழுத்து ஆனாலும் ஆகாவிட்டாலும் காவல் வேலை மட்டும் ஊர் தலையில் விழுந்தது. பாபாடியில் 1994இல் கைவிடப்பட்ட முதல் கேள்வி வேறு பெயரில் திரும்பி வந்ததாகவே இதைப் பார்க்கிறேன். இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்துச் சொல்வது உண்மையை மறைக்கிறது.

நிறைவில்லாத இடங்கள்

வருமானம் முதலாவது. டுரு-ஹைடெம்பா குன்றுக் காடு. நீருக்கும் மண்ணுக்கும் விறகுக்கும் அது பெரிய ஆதாரம், ஆனால் விற்கத்தக்க பெருமரம் குறைவு. அபராதமும் சிறு அனுமதிக் கட்டணமும்தான் ஊரின் கைக்கு வருகிற காசு. ஒன்று கவனிக்க வேண்டும்: விதியை எல்லோரும் மதிக்கத் தொடங்கினால் அபராதம் குறையும். அபராதத்தில் பங்கு என்று சொல்லிக் காவலுக்கு வைத்த இளைஞனுக்கு, அவன் வேலை வெற்றி பெறும்போது கூலி சுருங்குகிறது. தொடக்க ஆண்டுகளின் உற்சாகத்தில் இது தெரியாது. பத்தாண்டு கழித்து, மணமாகிக் குழந்தை குட்டி வந்த பிறகும் ஒருவரைச் சம்பளமின்றிக் காட்டைச் சுற்றி வரச் சொல்ல முடியாது.

விலையுள்ள மரம் இருக்கும் இடத்தில் கதை வேறு. தென்கிழக்குக் கடலோரம் கில்வா மாவட்டத்தில் ம்பிங்கோ என்ற கருமரம் விளைகிறது. கிளாரினெட், ஓபோ போன்ற இசைக்கருவிகள் செய்யும் விலையுயர்ந்த மரம். அங்குள்ள ஊர்க்காடுகளுக்கு 2009இல், பொறுப்போடு நிர்வகிக்கப்படும் காடுகளுக்கு உலக அளவில் தரப்படும் எஃப்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஊர் மக்கள் நிர்வகிக்கும் இயற்கைக் காட்டுக்கு அது முதல் முறை. வெட்டும் மரத்தின் விலை ஊர்க் கணக்குக்கே வந்தது. டுரு-ஹைடெம்பாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. காடு ஊரின் கையில் இருந்தால் வறுமை தீரும் என்று பொதுவாகச் சொல்கிறவர்கள், எந்தக் காடு என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது மேய்ப்பர்கள். ஊருக்கு எல்லை போட்டால் ஊருக்கு வெளியே என்று ஒருவர் உருவாகிறார். பருவத்துக்குப் பருவம் மாடுகளோடு இடம் மாறுகிற மக்களுக்கு எந்த ஊர்ச் சபையிலும் நிரந்தர இருக்கை இல்லை. காடு தங்களுடையது என்று எட்டு ஊர்கள் சொல்லும் உரிமை, அந்தக் காட்டை வறட்சிக் காலத்தில் மட்டும் நாடி வந்தவர்களின் பழைய வழக்கத்தை மூடிவிட வாய்ப்புண்டு. சுலேடோவில் மேய்ப்பர்களும் நிர்வாகத்தில் இருந்ததால் அங்கே மேய்ச்சல் திட்டத்துக்குள்ளேயே வந்தது. குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் விதியில் யார் இருக்கிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

பெண்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். விறகும் தண்ணீரும் காளானும் பெரும்பாலும் அவர்கள் கையால் வருபவை. ஒரு பகுதியை மூடினால் கூடுதலாக நடப்பவர்கள் அவர்கள். ஊற்று மீண்டால் முதலில் பயன் பெறுபவர்களும் அவர்கள். ஊர் மன்றத்தில் பெண்களுக்கு இடம் சட்டப்படி உண்டு. ஆனால் காவல், எல்லை, அபராதம் என்று பேச்சு போகும்போது அது ஆண்களின் காரியமாகச் சுருங்கிவிடுகிறது.

இன்று இன்னொரு ஊரில் செய்தால்

எல்லை அளக்கும் கருவி வருவதற்கு முன்பே ஊரோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். டுரு-ஹைடெம்பாவில் இழந்த மரங்களில் பல, அரசு எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் நிலவிய அந்தச் சில ஆண்டுகளில் போனவை. இப்போது காடு சேமிக்கும் கார்பனுக்குப் பணம் தரும் திட்டத்துக்கோ பாதுகாப்புப் பகுதிக்கோ அளவெடுக்க வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். அளவெடுப்பது ஊர்க்காரர் கண்ணில் எப்போதும் பறிப்பதன் முதல் படி.

காவலுக்கான கூலியை அபராதத்திலிருந்து பிரித்திருப்பேன். காட்டின் நீரூற்றால் பயனடையும் கீழ்ப்பகுதிப் பாசனக்காரர்களிடமிருந்தோ, மாவட்ட மன்றத்தின் ஒதுக்கீட்டிலிருந்தோ சிறு தொகை நிலையாக வர வேண்டும். அரசின் காவல் செலவை ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை ஊருக்குத் திருப்புவது உதவி அல்ல, பாக்கி.

பருவ மேய்ப்பர்களுக்குத் திட்டம் எழுதும் கூட்டத்திலேயே இடம் கொடுத்திருப்பேன். எல்லை ஒத்துக்கொள்ள அண்டை ஊரைக் கூப்பிட்டது போலவே அவர்களையும் கூப்பிட்டிருக்கலாம். அதே கூட்டத்தில் பெண்களைத் தனியே உட்கார வைத்து எந்தப் பகுதியை மூடலாம், எதை மூடக்கூடாது என்று கேட்டுவிட்டு, பிறகு பொதுச் சபைக்குப் போவேன்.

தொடக்கத்திலேயே ஒவ்வொரு ஊரும் சில இடங்களில் மரங்களை எண்ணிக் குறித்து வைப்பதும் வேண்டும். கயிறும் நோட்டும் போதும், ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள். காடு மீண்டது என்று ஊர் சொல்லும்போது அந்த நோட்டு கையில் இருந்தால், புதிதாக வரும் மாவட்ட அதிகாரி மறுபடி முதலிலிருந்து நிரூபிக்கச் சொல்ல மாட்டார்.

மாற்றக் கூடாததையும் சொல்ல வேண்டும். திட்டம் ஊர்ச் சபையில் வாசிக்கும் அளவுக்குச் சுருக்கமாக இருக்க வேண்டும். சட்டம் வந்த பிறகு தான்சானியாவிலேயே இது கைநழுவத் தொடங்கியது. ஊர்க்காட்டைப் பதிவு செய்யவும் அறுவடைக்கு அனுமதி பெறவும் கணக்கெடுப்பு, வரைபடம், நிபுணர் அறிக்கை என்று ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போனது. வெளியிலிருந்து பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று துணைக்கு இல்லாமல் எந்த ஊரும் அந்தக் காகிதங்களை முடிக்க முடியாத நிலை வந்தது. 1995இல் பாபாடி ஊர்கள் மாவட்ட மன்றத்துக்குக் கொண்டுபோனது சில பக்கத் துணைவிதி. இன்றைக்கும் பதிவுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை.